தோட்டாவா, மிளகாய்ப் பொடியா? சைக்கிள்காரர்களின் துப்பாக்கிச் சண்டை



பள்ளிக்கூடம் போன காலம் முழுக்க நான் ஓட்டியது ஒரு பி.எஸ்.ஏ. சைக்கிள். அந்த மூன்று எழுத்துக்கு என்ன அர்த்தம் என்று யாரும் சொன்னதில்லை. நானும் கேட்டதில்லை. சமீபத்தில்தான் தெரிந்துகொண்டேன்: பர்மிங்ஹாம் ஸ்மால் ஆர்ம்ஸ். தமிழில் சொன்னால் 'பர்மிங்ஹாம் சிறு ஆயுதங்கள்'! 1861-ல் இங்கிலாந்தில் துப்பாக்கி செய்பவர்கள் ஒன்று சேர்ந்து ஆரம்பித்த கம்பெனி அது. மூன்று துப்பாக்கிகளை ஒன்றோடொன்று சாய்த்து நிறுத்தி வைத்ததுதான் அதன் முத்திரை. அந்தப் பெயர் எப்படியோ கடல் தாண்டி வந்து, 1949-ல் தொடங்கிய டி.ஐ. சைக்கிள்ஸ் வழியாக நம் தெருவுக்கும் வந்துவிட்டது.

இது ஒன்று மட்டும் இல்லை. 1955-ல் இருந்து சென்னையில் புல்லட் தயாரித்த என்ஃபீல்டு கம்பெனியின் மூலமும் இங்கிலாந்தில் ஒரு சைக்கிள் கம்பெனிதான். என்ஃபீல்டு என்ற ஊரில் இருந்த அரசுத் துப்பாக்கித் தொழிற்சாலைக்கு உதிரி பாகம் செய்து கொடுத்ததால் வந்த பெயர். 'துப்பாக்கியைப் போலச் செய்யப்பட்டது' என்பது அவர்களுடைய விளம்பர வாசகம். அமெரிக்காவில் ஐவர் ஜான்சன் என்று ஒரு கம்பெனி இருந்தது. அதன் முழுப்பெயரே 'ஐவர் ஜான்சன் ஆர்ம்ஸ் அண்ட் சைக்கிள் வொர்க்ஸ்'. ஆயுதமும் சைக்கிளும் ஒரே பெயர்ப் பலகையில்! கறுப்பினத்தின் முதல் சைக்கிள் உலகச் சாம்பியன் மேஜர் டெய்லர் 1900-ல் ஓட்டியது ஐவர் ஜான்சன் சைக்கிள். அடுத்த வருடம், 1901-ல், அமெரிக்க அதிபர் மெக்கின்லியைச் சுட்ட ரிவால்வரும் ஐவர் ஜான்சன்தான்.

காரணம் எளிது. துல்லியமாக இரும்பைக் கடைந்து, ஒரே அளவில் ஆயிரக்கணக்கான உதிரி பாகங்களைச் செய்யத் தெரிந்த பட்டறைகள் அன்று துப்பாக்கிப் பட்டறைகள்தான். போர் இல்லாத காலத்தில் அந்த இயந்திரங்கள் சும்மா கிடக்கக் கூடாதல்லவா? சைக்கிள் செய்தார்கள்.

சரி, இரண்டும் ஒரே பட்டறையில் பிறந்தன. ஆனால் ஓட்டுகிறவர் சட்டைப்பையில் இரண்டாவது பொருள் இருக்க வேண்டுமா, வேண்டாமா? இந்தக் கேள்விக்கு வயது 130-க்கும் மேல். இன்றுவரை சைக்கிள்காரர்கள் இதில் ஒத்துப்போகவில்லை. அந்த வரலாற்றைத்தான் இந்தப் பதிவில் எழுதப் போகிறேன்.

முதல் எதிரி: நாய்

1885-ம் வருடத்தை நினைவில் வையுங்கள். அந்த வருடம் இரண்டு விஷயங்கள் நடந்தன. இங்கிலாந்தில் ஜான் கெம்ப் ஸ்டார்லி 'ரோவர்' என்ற சைக்கிளைக் கொண்டுவந்தார். இரண்டு சக்கரமும் ஏறக்குறைய ஒரே அளவு, பின்சக்கரத்துக்குச் செயின். இன்று நாம் ஓட்டுவதன் நேர் மூதாதை. அதே வருடம் ஜூலையில் பாரிஸில் லூயி பாஸ்டர், வெறிநாய் கடித்த ஒரு சிறுவனுக்கு முதன்முதலாகத் தடுப்பூசி போட்டார்.

மூன்று வருடம் கழித்து, 1888-ல் டன்லப் காற்றடைத்த டயரைக் கொண்டுவந்தார். அவ்வளவுதான், 1890-களில் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் சைக்கிள் மோகம் தலைக்கேறியது. நகரத்து ஆட்கள் ஞாயிற்றுக்கிழமை சைக்கிளை எடுத்துக்கொண்டு கிராமத்துச் சாலைகளுக்குக் கிளம்பினார்கள். அங்கே காத்திருந்தது நாய்.

குதிரையைப் பார்த்துப் பழகிய நாய்களுக்கு இந்தச் சத்தமில்லாத, வேகமாக ஓடுகிற, இரண்டு கால் ஆடுகிற பிராணி புதுசு. துரத்தின. நமக்கு இது சிரிப்பாகத் தோன்றலாம். நம் ஊரில் இரவு இரண்டாவது ஆட்டம் பார்த்துவிட்டு சைக்கிளில் திரும்பியவர்களைக் கேளுங்கள், சிரிக்க மாட்டார்கள். பாஸ்டரின் ஊசி வந்துவிட்டாலும் அது எல்லா ஊரிலும் கிடைத்துவிடவில்லை. வெறிநோய் முற்றி வெளிப்பட்டுவிட்டால் மரணம்தான். ஆகவே 1890-களின் சைக்கிள்காரருக்கு நாய் என்பது வேட்டி கிழிகிற விஷயம் இல்லை, உயிர் போகிற விஷயம்.

இந்தப் பயத்துக்கு பாரிஸில் ஒரு வியாபாரி மருந்து கண்டுபிடித்தார். ஷார்ல் பிரான்சுவா கலான் என்ற துப்பாக்கித் தயாரிப்பாளர், உள்ளங்கைக்குள் அடங்குகிற ஒரு ரிவால்வரைக் கொண்டுவந்தார். பெயர் 'வெலோ-டாக்'. சைக்கிளுக்கான பிரெஞ்சுச் சொல்லான 'வெலோ'வும், நாய்க்கான ஆங்கிலச் சொல்லும் சேர்ந்தது. பெயரைக் கேட்டாலே யார் வாங்க வேண்டும், யாரைச் சுட வேண்டும் என்று இரண்டும் தெரிந்துவிடும்!

அதன் அமைப்பைப் பார்த்தால் சைக்கிள்காரரை மனதில் வைத்தே செய்திருப்பது புரியும். பையிலிருந்து அவசரமாக உருவும்போது துணியில் மாட்டாமல் இருக்க, சுத்தியல் பல மாடல்களில் உள்ளுக்குள் மறைந்திருக்கும். விசையை மடக்கி வைத்துக்கொள்ளலாம். தோட்டா மிகச் சிறியது, குறுக்களவு ஆறு மில்லிமீட்டருக்கும் குறைவு. பிரான்சில் தொடங்கி பெல்ஜியம், ஸ்பெயின் என்று பல நாட்டுப் பட்டறைகள் இதே மாதிரியைச் செய்து விற்றன.

ஒரே துப்பாக்கி, இரண்டு கட்சி

இங்கேதான் கருத்து வேறுபாட்டின் முதல் தடயம் இருக்கிறது. வெலோ-டாக்குக்கு ஈயத் தோட்டா மட்டும் விற்கவில்லை. மெழுகு, மரம், தக்கை ஆகியவற்றில் செய்த தோட்டாக்களும் விற்றன. இன்னொன்றும் விற்றார்கள்: உள்ளே மிளகாய்ப் பொடி அடைத்த தோட்டா.

யோசித்துப் பாருங்கள். ஒரே துப்பாக்கிக்கு ஏன் இத்தனை வகைத் தோட்டா? வாங்குகிறவர்கள் ஒரே மனதோடு இல்லை என்பதால்தானே! நாயைக் கொன்றுவிட வேண்டும் என்று ஒருவர் நினைக்கிறார். விரட்டினால் போதும் என்று இன்னொருவர் நினைக்கிறார். நாய்க்கு எஜமான் இருக்கிறான், அவனுக்கு வீட்டில் பெரிய துப்பாக்கி இருக்கிறது என்று மூன்றாமவர் நினைக்கிறார். இது அறம் பற்றிய கவலை மட்டும் இல்லை. ஓடும் சைக்கிளில் ஒரு கையால் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, பின்னால் வளைந்து ஓடிவரும் நாயைச் சுடுவது சர்க்கஸ்காரருக்கே கஷ்டம். குறி தவறினால் தோட்டா எங்கே போகும்? சாலையில் எதிரே வருகிற ஆளின் மேல் போகலாம். சொந்தக் காலிலும் போகலாம்.

அமெரிக்காவில் இந்த 'மிளகாய்ப் பொடிக் கட்சி'க்கு வேறொரு வடிவம் வந்தது. அம்மோனியா கரைசலைப் பீய்ச்சியடிக்கும் கைத்துப்பாக்கிகளைச் சைக்கிள்காரர்களுக்கென்றே விளம்பரப்படுத்தினார்கள். நாய்க்கு நிரந்தரக் காயம் வராது, ஆனால் ஓடிவிடும் என்பதுதான் அதன் விற்பனைப் பேச்சு. அதே காலத்தில் ஸ்டீவன்ஸ் கம்பெனி, கழற்றி மாட்டுகிற கட்டையோடு ஒரு சிறு துப்பாக்கியை 'சைக்கிள் ரைபிள்' என்ற பெயரிலேயே விற்றது. இரண்டு கட்சிக்கும் கடை திறந்திருந்தது.

ஆக, இன்றைய விவாதத்தின் இரு முனைகளும் அன்றே வந்துவிட்டன. ஒன்று, உயிர் என்னுடையது, அதைக் காக்க எனக்கு முழு உரிமை உண்டு. இரண்டு, ஆபத்தை நிறுத்தினால் போதும், கொல்லும் கருவி புது ஆபத்தைக் கொண்டுவரும்.

உலகம் சுற்றியவர்கள்

நாயை விடுங்கள். மனிதர்கள்?

1884 ஏப்ரலில் தாமஸ் ஸ்டீவன்ஸ் என்ற இளைஞர் சான் பிரான்சிஸ்கோவில் இருந்து உலகம் சுற்றக் கிளம்பினார். அது ரோவருக்கு முந்தைய காலம். அவர் ஓட்டியது முன்சக்கரம் ஆள் உயரம் இருக்கும் பழைய உயரச் சைக்கிள். சாமான் மிகக் குறைவு: காலுறை, ஒரு மாற்றுச் சட்டை, கூடாரமாகவும் படுக்கையாகவும் பயன்படும் ஒரு மழைக்கோட்டு, ஒரு ரிவால்வர். மாற்றுத் துணியையே எண்ணி எண்ணி எடுத்தவர் ரிவால்வரை விடவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும்.

அவருக்கு உண்மையாகவே ஆபத்து வந்த இடங்களில் என்ன நடந்தது? ஆப்கானிஸ்தானுக்குள் நுழைந்தபோது அதிகாரிகள் பிடித்துத் திருப்பி அனுப்பினார்கள். ஒரு அரசாங்கத்தை ஒரு ரிவால்வர் என்ன செய்யும்? அவர் கப்பலேறி கராச்சி வந்து, லாகூரில் இருந்து கல்கத்தா வரை கிராண்ட் டிரங்க் சாலையில் ஓட்டினார். பிறகு தென்சீனாவில் ஒரு ஊரில் பெருங்கூட்டம் அவரைக் கல்லால் அடித்தது. அங்கே அவரைக் காப்பாற்றியது அந்த ஊர் அதிகாரியின் அலுவலகக் கதவு. உள்ளே ஓடிப் புகுந்தார், அதிகாரிகள் காவல் போட்டுப் படகில் அனுப்பிவைத்தார்கள். 1886 டிசம்பரில் யோகோஹாமா சேர்ந்து பயணத்தை முடித்தார்.

எல்லோருக்கும் அந்த அதிர்ஷ்டம் இல்லை. பிட்ஸ்பர்க் நகரத்துக்காரரான ஃபிராங்க் லென்ஸ் 1892-ல் தனியாகக் கிளம்பினார். அமெரிக்கா, ஜப்பான், சீனா, பர்மா, இந்தியா, பாரசீகம் எல்லாம் கடந்து, 1894 மே மாதம் துருக்கியின் கிழக்குப் பகுதியில் காணாமல் போனார். அதே கண்டத்தைச் சைக்கிளில் கடந்திருந்த வில்லியம் சாக்ட்லெபன் 1895-ல் தேடிப் போனார். லென்ஸ் கொல்லப்பட்டார் என்ற முடிவுக்குத்தான் வர முடிந்தது. உடல் கிடைக்கவில்லை. ஆகவே 'வழியில் என்ன ஆபத்து வந்துவிடும்?' என்று யாரும் லேசாகச் சொல்லிவிட முடியாது. அந்தப் பயத்துக்கு ஆதாரம் இருந்தது.

லென்ஸ் காணாமல் போன அடுத்த மாதம், 1894 ஜூனில், பாஸ்டனில் இருந்து ஒரு பெண் கிளம்பினார். ஆனி கோப்சோவ்ஸ்கி, மூன்று குழந்தைகளின் தாய். லண்டன்டெரி என்ற குடிநீர்க் கம்பெனி விளம்பரத்துக்காக 100 டாலர் கொடுத்து, அவர் பெயரையே ஆனி லண்டன்டெரி என்று மாற்றிவிட்டது. அவர் எடுத்துச் சென்றது ஒரு மாற்றுடையும், முத்துச்சிப்பிக் கைப்பிடி போட்ட ஒரு ரிவால்வரும். பல தூரத்தைக் கப்பலில் கடந்தார் (வழியில் கொழும்பும் உண்டு), சில தூரத்தை மிதித்தார், 1895 செப்டம்பரில் சிகாகோ திரும்பினார்.

போகிற இடமெல்லாம் தன் சாகசங்களைப் பற்றிப் பெரிய பெரிய கதைகள் சொன்னார். பெரும்பாலும் கட்டுக்கதை. ஆனால் கடைசிக் கட்டத்தில், அயோவா மாநிலத்தில் அவருக்கு ஒரு விபத்து நடந்தது, அது கட்டுக்கதை இல்லை. சாலையில் குறுக்கே வந்த பன்றிக் கூட்டத்தில் மோதி விழுந்து மணிக்கட்டை முறித்துக்கொண்டார். உலகம் முழுக்க ரிவால்வரோடு சுற்றியவரைக் கீழே தள்ளியது கொள்ளைக்காரன் இல்லை, பன்றி :-)

இதைச் சிரிக்க மட்டும் சொல்லவில்லை. இந்த வரலாறு முழுக்க இதே மாதிரிதான் போகிறது என்பதால் சொல்கிறேன். சைக்கிள்காரர் எதைப் பார்த்துப் பயந்து துப்பாக்கி வாங்குகிறாரோ, அதுவும் அவரை உண்மையில் காயப்படுத்துவதும் பெரும்பாலும் வேறு வேறாக இருக்கின்றன.

நாய்ப் பயம் எப்படிக் குறைந்தது?

வெலோ-டாக் வாங்கியவர்கள் நாய்களையெல்லாம் சுட்டுத் தீர்த்ததாலா? இல்லை. வெறிநோய்த் தடுப்பூசி பரவியது. நாய்க்கு உரிமம், கட்டிப்போட வேண்டும் என்ற விதிகள் வந்தன. எல்லாம் ஊர் சேர்ந்து செய்த காரியங்கள்.

சாலைக்கும் இதே கதைதான். 1880-ல் தொடங்கிய அமெரிக்கச் சைக்கிள்காரர்கள் சங்கம், 'நல்ல சாலை வேண்டும்' என்று ஒரு பெரிய இயக்கமே நடத்தியது. 1893-ல் மத்திய அரசு சாலைகளுக்கென்று ஒரு அலுவலகம் திறந்ததில் அந்த இயக்கத்துக்குப் பெரும் பங்கு உண்டு. 1898-ல் சங்கத்தில் ஒரு லட்சத்துக்கும் மேல் உறுப்பினர்கள். ஒரு லட்சம் பேர் ஒரு லட்சம் ரிவால்வர் வாங்கியிருந்தால் ஒரு மைல் சாலை கூட வந்திருக்காது.

ஆனால் அந்தச் சங்கத்தைத் தலையில் தூக்கி வைத்துக்கொள்ளவும் முடியாது. 1894-ல் வெள்ளையர்கள் மட்டுமே உறுப்பினர் ஆகலாம் என்று விதி போட்டார்கள். அதற்குப் பிறகு 1897-ல் நடந்ததைப் பாருங்கள். மான்டானா மாநிலத்தின் மிசூலாவில் இருந்து 20 கறுப்பினப் படைவீரர்கள், ஒரு வெள்ளை அதிகாரியின் தலைமையில், ராணுவச் சோதனைப் பயணமாக செயின்ட் லூயிஸ் வரை 1,900 மைல் சைக்கிள் ஓட்டினார்கள். 41 நாள். ஒவ்வொருவர் முதுகிலும் ரைபிள். அமெரிக்காவின் மிகப் புகழ்பெற்ற ஆயுதமேந்திய சைக்கிள்காரர்கள் இவர்கள்தான். ஆனால் நாட்டின் சைக்கிள் சங்கத்தில் இவர்களில் ஒருவர்கூட உறுப்பினர் ஆகியிருக்க முடியாது. யார் கையில் இருந்தால் அது பாதுகாப்பு, யார் கையில் இருந்தால் அது மிரட்டல் என்ற கேள்வி அப்போதே இருந்தது. இதற்குப் பிறகு வருகிறேன்.

1977, ஓரிகான்

கார் வந்தது, சைக்கிள் மோகம் தணிந்தது, விவாதமும் தூங்கிவிட்டது. மறுபடி எழுந்தது 1970-களில்.

1976-ல் அமெரிக்கச் சுதந்திரத்தின் 200-வது ஆண்டுக்காக 'பைக்சென்டெனியல்' என்ற பயணம் நடந்தது. மேற்கே ஓரிகானில் இருந்து கிழக்கே வர்ஜீனியா வரை, பத்து மாநிலங்கள், 4,000 மைலுக்கும் மேல். ஏறக்குறைய நாலாயிரம் பேர் கலந்துகொண்டார்கள், பாதி தூரம் வந்தவர்களும் உண்டு. அந்தப் பாதையில் இன்றும் ஆட்கள் ஓட்டுகிறார்கள். முகம் தெரியாதவர்கள் தோட்டத்தில் கூடாரம் போட இடம் கொடுப்பதும், தண்ணீர் கொடுப்பதும்தான் அந்தப் பயணத்தின் பெருமை.

அடுத்த வருடம், 1977 ஜூனில், இரண்டு கல்லூரி மாணவிகள் அதே பாதையில் கிளம்பினார்கள். ஓரிகானில் க்ளைன் ஃபால்ஸ் என்ற பூங்காவில் கூடாரம் போட்டுத் தூங்கிக்கொண்டிருந்தபோது, ஒருவன் தன் வண்டியைக் கூடாரத்தின் மேல் ஏற்றினான். பிறகு இறங்கி வந்து கோடரியால் தாக்கினான். இருவரும் உயிர் பிழைத்தார்கள். அவர்களில் ஒருவரான டெர்ரி ஜென்ட்ஸ் பல வருடம் கழித்து அந்த ஊருக்குத் திரும்பிப் போய், தானே விசாரித்து, 2006-ல் ஒரு புத்தகம் எழுதினார். அந்த மாநிலத்தில் கொலை முயற்சிக்கு வழக்குத் தொடர அன்று மூன்று வருடம்தான் கெடு. அது கடந்துவிட்டதால் அந்தத் தாக்குதலுக்காக யாரும் தண்டிக்கப்படவில்லை.

என் வயதுதான் அவர்களுக்கும் அப்போது இருந்திருக்கும். துப்பாக்கி வேண்டவே வேண்டாம் என்று வீட்டில் உட்கார்ந்து சொல்கிறவர்கள் (நானும் அதில் ஒருவன்) இந்தச் சம்பவத்தை ஒருமுறை முழுசாக நினைத்துப் பார்க்க வேண்டும். தனியாகப் போகிற ஒரு பெண், 'அருகில் போலீஸ் இல்லை, போனில் சிக்னல் இல்லை, எனக்கு ஒன்று வேண்டும்' என்று சொன்னால் அதைக் கோழைத்தனம் என்று ஒதுக்க எனக்கு மனம் வரவில்லை.

மறுகட்சி இதே சம்பவத்தை எடுத்துக்கொண்டு கேட்கும் கேள்வியும் நியாயமானதுதான். தூக்கத்தில், கூடாரத்தின் மேல் வண்டி ஏறிய பிறகு, எந்தக் கை எந்தப் பையைத் திறந்திருக்கும்?

இரண்டு பக்கத்து வாதங்கள்

வேண்டும் என்கிறவர்கள் சொல்வது: தற்காப்பு அடிப்படை உரிமை, அமெரிக்க அரசியல் சாசனத்தின் இரண்டாவது திருத்தம் (1791) அதைத்தான் சொல்கிறது. சைக்கிள்காரருக்குக் கதவு இல்லை, கண்ணாடி இல்லை, வேகமாகத் தப்பிக்க இன்ஜின் இல்லை. பயன்படுத்தாமலே திரும்பி வந்தாலும் மன தைரியம் கிடைக்கிறது. ஹெல்மெட்டையும் தினமும் பயன்பட வேண்டும் என்றா போடுகிறோம்?

வேண்டாம் என்கிறவர்கள் சொல்வது: எங்கே வைப்பீர்கள்? கைப்பிடிப் பையில் வைத்தால் கடைக்குள் போகும்போது களவு போகும். இடுப்பில் வைத்தால் விழும்போது அதன் மேலேயே விழுவீர்கள். எடை குறைய பல் துலக்கும் பிரஷ்ஷின் காம்பையே வெட்டுகிற ஆட்கள் நீங்கள், இந்த இரும்பையா சுமக்கப் போகிறீர்கள்? எல்லாவற்றுக்கும் மேலே, வழியில் கதவைத் திறந்து இடம் கொடுக்கிறவர், உங்கள் பையில் என்ன இருக்கிறது என்று தெரிந்தால் திறப்பாரா?

இந்தக் கடைசிக் கேள்விதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. மற்றவை பொருளைப் பற்றியவை. இது பயணத்தைப் பற்றியது.

இதில் சட்டச் சிக்கல் வேறு. அந்தப் பத்து மாநிலப் பாதையில் இல்லினாயும் ஒன்று. அங்கே 2013 வரை சாதாரணக் குடிமகன் துப்பாக்கியை மறைத்து எடுத்துச் செல்லச் சட்டப்படி வழியே இல்லை. அதே பாதை யெல்லோஸ்டோன் தேசியப் பூங்கா வழியாகப் போகிறது. தேசியப் பூங்காக்களில் தோட்டா போட்ட துப்பாக்கிக்கு 2010 பிப்ரவரி வரை தடை. மாநிலம் விட்டு மாநிலம் போகிறவருக்கு 1986-ம் வருட மத்தியச் சட்டம் ஒரு பாதுகாப்பு தருகிறது. ஆனால் அதற்கு நிபந்தனை என்ன தெரியுமா? தோட்டாவை எடுத்துவிட்டு, எளிதில் கைக்கு எட்டாதபடி வைத்திருக்க வேண்டும். தற்காப்புக்கு எடுத்துப் போகும் பொருள், தற்காப்புக்குப் பயன்படாத நிலையில் இருந்தால்தான் சட்டம் காப்பாற்றும்! 2022-ல் உச்ச நீதிமன்றம் நியூயார்க் வழக்கில், வீட்டுக்கு வெளியிலும் துப்பாக்கி எடுத்துச் செல்லும் உரிமை உண்டு என்று தீர்ப்பளித்தது. அதனால் பல மாநிலங்களில் உரிமம் வாங்குவது எளிதானது. ஆனால் ஒரு மாநில உரிமம் எல்லா மாநிலத்திலும் செல்லும் என்று ஆகிவிடவில்லை.

கரடியும் மிளகாயும்

மலைப்பகுதியில் ஓட்டுகிறவர்களுக்கு இன்னொரு பயம், கரடி. இங்கே மட்டும் இந்த விவாதத்துக்குக் கொஞ்சம் எண்ணிக்கை இருக்கிறது. அலாஸ்காவில் நடந்த சம்பவங்களைத் தொகுத்து ஆராய்ச்சியாளர்கள் இரண்டு கட்டுரை வெளியிட்டார்கள். 2008-ல் வந்தது கரடி ஸ்ப்ரே பற்றியது. மிக நெருக்கத்தில் கரடியைச் சந்தித்தபோது ஸ்ப்ரே வைத்திருந்தவர்களில் 98 சதவீதம் பேருக்குக் காயம் இல்லை. 2012-ல் வந்தது துப்பாக்கி பற்றியது. 269 சம்பவங்களை ஆராய்ந்ததில், துப்பாக்கியைப் பயன்படுத்தியவர்களுக்கும் கையில் இருந்தும் பயன்படுத்தாதவர்களுக்கும் காயம் படும் விகிதத்தில் வித்தியாசம் தெரியவில்லை. (இரண்டு ஆராய்ச்சியிலும் இருந்த சூழ்நிலைகள் ஒன்றல்ல, நேரடியாக ஒப்பிடக் கூடாது என்று துப்பாக்கிக் கட்சி சொல்கிறது. அதிலும் நியாயம் உண்டு.)

கரடி ஸ்ப்ரேயில் என்ன இருக்கிறது? மிளகாயின் காரச் சத்து. அமெரிக்கத் தபால்காரர்கள் நாய்க்கு அடிக்கும் ஸ்ப்ரேயிலும் அதே மிளகாய்தான். வெலோ-டாக் காலத்து மிளகாய்ப் பொடிக் கட்சி நூறு வருடம் கழித்து திரும்பி வந்துவிட்டது!

அதற்கும் எல்லை உண்டு. 2016 ஜூனில் மான்டானாவில் ஒருவர் மலைச் சைக்கிளில் வேகமாக வளைவு திரும்பியபோது கரடியின் மேலேயே மோதி, அது தாக்கி இறந்துபோனார். அவர் வனத்துறையின் சட்ட அமலாக்க அதிகாரி, துப்பாக்கி பழகியவர். அன்று அவரிடம் ஸ்ப்ரேயும் இல்லை, துப்பாக்கியும் இல்லை. ஆனால் கரடியைப் பார்த்ததற்கும் மோதியதற்கும் இடையே ஓரிரு நொடிதான் இருந்திருக்கும் என்றது விசாரணை அறிக்கை. அந்த ஓரிரு நொடியில் எதையும் எடுத்திருக்க முடியாது. குறைத்திருக்கக் கூடியது வேகத்தைத்தான்.

சாலையில் இருக்கும் உண்மையான எதிரி

இனி காருக்கு வருவோம். 2022-ல் மட்டும் அமெரிக்காவில் மோட்டார் வாகன விபத்துகளில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட சைக்கிள்காரர்கள் இறந்தார்கள். 2018 ஜூலையில் தஜிகிஸ்தானில் பயங்கரவாதிகள் வெளிநாட்டுச் சைக்கிள் பயணிகள் நான்கு பேரைக் கொன்றார்கள். கத்தி வைத்திருந்தார்கள்தான், ஆனால் முதலில் பயன்படுத்தியது கார்தான். மோதி வீழ்த்தினார்கள். பின்னால் வரும் காரை எந்த ரிவால்வரும் நிறுத்தாது.

2009 ஜூலையில் வட கரோலினாவின் ஆஷ்வில் நகரில் நடந்தது இன்னும் யோசிக்க வைக்கும். ஒருவர் சைக்கிளில் தன் சின்னக் குழந்தையைப் பின்னால் உட்கார வைத்து, மனைவியோடு போய்க்கொண்டிருந்தார். காரில் வந்த ஒரு தீயணைப்பு வீரர் நிறுத்தி, 'இந்தச் சாலையில் குழந்தையை வைத்து ஓட்டுவது ஆபத்து' என்று சண்டை போட்டார். வாக்குவாதம் முற்றி, துப்பாக்கியை எடுத்துச் சுட்டார். தோட்டா சைக்கிள்காரரின் ஹெல்மெட்டைத் துளைத்துக்கொண்டு போனது. மயிரிழையில் உயிர் தப்பினார். சுட்டவருக்கு 120 நாள் சிறை.

குழந்தையின் பாதுகாப்பைப் பற்றிய கவலையில் தொடங்கியது, குழந்தையின் அப்பாவைச் சுடுவதில் முடிந்தது. 'பார்த்தீர்களா, சைக்கிள்காரரிடமும் ஒன்று இருக்க வேண்டும்' என்று ஒரு கட்சி சொல்லலாம். எனக்குத் தோன்றுவது வேறு: அவரிடமும் ஒன்று இருந்திருந்தால், நடுவில் இருந்தது அந்தக் குழந்தை.

யார் கையில் என்ற கேள்விக்கு வருகிறேன் என்றேன் அல்லவா? 2020 ஆகஸ்ட் 31 அன்று லாஸ் ஏஞ்சலஸ் கவுண்டியில் டிஜான் கிஸ்ஸி என்ற கறுப்பின இளைஞரைச் சைக்கிள் விதி மீறல் என்று சொல்லி ஷெரிஃப் காவலர்கள் நிறுத்த முயன்றார்கள். அவர் ஓடினார். கைகலப்பில் அவரிடம் இருந்த கைத்துப்பாக்கி கீழே விழுந்தது. காவலர்கள் சுட்டதில் இறந்துபோனார். அவர் எதற்காக அதை வைத்திருந்தார் என்று இனி யாரும் கேட்க முடியாது. 'உரிமை எல்லோருக்கும் ஒன்றுதான்' என்று சட்டப் புத்தகத்தில் இருக்கலாம். பையில் துப்பாக்கியோடு போகிற வெள்ளைக்காரப் பயணியும், அதே துப்பாக்கியோடு போகிற கறுப்பின இளைஞரும் ஒரே சாலையில் போகவில்லை.

கடைசியாக

இதையெல்லாம் படித்த பிறகு எனக்குத் தோன்றுவதைச் சொல்லிவிடுகிறேன். துப்பாக்கி எடுத்துப் போகிறவர்களின் பயம் பொய் இல்லை. வெறிநாய் உண்மை, லென்ஸ் உண்மை, 1977 உண்மை. ஆனால் இந்த 130 வருடத்தில் சைக்கிள்காரரின் ஒரு பயம் நிஜமாகவே குறைந்த இடங்களைத் தேடிப் பார்த்தால், அங்கே தடுப்பூசி இருக்கிறது, நாய் உரிமம் இருக்கிறது, சாலை இருக்கிறது, கதவைத் திறந்த ஒரு அதிகாரி இருக்கிறார். தனி ஆளின் பையில் இருந்த இரும்பு அந்தப் பட்டியலில் எனக்குத் தட்டுப்படவில்லை.

சைக்கிள் என்பதே நாலு பேரை நம்பி ஓட்டுகிற வண்டி. பின்னால் வருகிற லாரிக்காரர் பிரேக் பிடிப்பார் என்று நம்புகிறோம், பஞ்சர் ஆனால் யாராவது கடை காட்டுவார்கள் என்று நம்புகிறோம். அந்த நம்பிக்கை சில சமயம் பொய்த்துப்போகும், அதற்கு விலை பெரியது. ஆனாலும் அந்த நம்பிக்கை மொத்தமாகப் போய்விட்டால் துப்பாக்கி இருந்தாலும் சைக்கிளை வெளியே எடுக்க முடியாது.

என் பி.எஸ்.ஏ. இப்போதும் வீட்டில்தான் இருக்கிறது. பெயரில் இருக்கிற ஆயுதம் அதற்குப் போதும் என்று நினைக்கிறேன். எதிர்க்கட்சிக்காரர்கள் பின்னூட்டத்தில் வரலாம், மிளகாய்ப் பொடி மட்டும் வேண்டாம் :-)